ஆரப்பாளையத்து இரண்டு மொட்டைகள்

இன்று காலை பள்ளியில் சேர்க்க ஒரு பெண்குழந்தையைக் கூட்டிவந்தார்கள். புது மொட்டை. தலை முழுவதும் சந்தனம். பாதி காய்ந்து, பாதி வியர்வையில் கரைந்து காதோரம் வழிந்திருந்தது. தலைமையாசிரியை அறை என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அந்தக் கொட்டடி முழுக்கச் சந்தன வாசனை. பெயர், தகப்பன் பெயர் எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "மொட்டை எங்கே போட்டீங்க?" என்று கேட்டேன். பள்ளிக்கூடத்துக்குச் சம்பந்தமே இல்லாத கேள்வி. "எங்க கொலசாமி கோயில்லங்க டீச்சர், தாய்மாமன் மடியில வச்சு" என்று அந்தத் தாய் பெருமையாகச் சொன்னாள். ரொம்ப நல்லது என்று சொல்லி அனுப்பிவைத்தேன். அதற்குப் பிறகு வேலை ஓடவில்லை.

அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். போன ஐப்பசிக் காய்ச்சலில் நீ போய்ச் சேர்ந்துவிட்டாய், இதைப் படிக்கப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் ஆற்றங்கரையில் நாம் போட்ட அந்த இரண்டு மொட்டைகளைப் பற்றிப் பேச எனக்கு உன்னைவிட்டால் வேறு ஆள் கிடையாது.

முதலில் டீச்சர் டிரெய்னிங் பள்ளி விடுதியில் அந்த மேஜைக்கு முன்னால் நின்ற நாளைச் சொல்ல வேண்டும். என் வயது இருபது. எட்டாவது வரை படித்தவள், சமயநல்லூரில் வாழ்க்கைப்பட்டவள், வாந்திபேதியில் புருஷனைப் பறிகொடுத்தவள். இடுப்பில் ஒரு பெண்குழந்தை, உடம்பில் வெள்ளைச் சேலை. என் கணவரின் அண்ணன்தான் அந்த வீட்டில் எல்லாம். படிக்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது அவர் கத்தவில்லை. வெற்றிலையை மென்று முடித்துவிட்டு, "போறதுன்னா போ. ஆனா எந் தம்பி பிள்ளைக்கு அங்க ஒரு குறைன்னு எங் காதுல விழுந்துச்சு, அன்னைக்கே தூக்கிட்டு வந்துருவேன். அப்புறம் நீயா பாத்து எங்கிட்டும் போய்க்க" என்றார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

இந்த நிபந்தனையோடு வந்தவளிடம் விடுதிப் பொறுப்பாளர் அம்மாள், பிள்ளைகளுக்கு இங்கே இடமில்லை என்று சொல்லிவிட்டார். எனக்குப் பின்னால் நின்ற நீயும் இடுப்பில் ஒரு பெண்ணை வைத்திருந்தாய். அந்த அம்மாள் உன்னிடமும் அதே வாக்கியத்தை அதே குரலில் சொன்னார். வெளியே வந்ததும் நீ என் தோளைத் தட்டி, "ஏ, இந்தா. அழுகுறதுக்கு நேரமில்ல. வா, வெளிய ஒரு ரூம்பு பாப்போம்" என்றாய்.

என்ன திமிர் இவளுக்கு என்றுதான் முதலில் தோன்றியது. கொட்டாம்பட்டிப் பக்கம் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போன குடும்பம், உன் அப்பா காலத்தில் வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவர்களானவர்கள், நீ மிஷன் போர்டிங்கில் வளர்ந்தவள் என்பதெல்லாம் அரை நாளில் நீயே சொல்லித் தெரிந்துகொண்டேன். உன் புருஷன் கண்டிச்சீமைக்குத் தேயிலை பறிக்கப் போனவன், அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். அதை நீ யாரோ பக்கத்து ஊர்க்காரன் கதைபோலச் சொன்னாய். எங்கள் ஊரில் உன் ஆட்கள் எவரும் எங்களை 'நீ' என்று கூப்பிட்டுக் கேட்டதில்லை. ஆனால் அன்றைக்கு அந்த வளாகத்தில் என்னிடம் மனுஷியாகப் பேசியது நீ ஒருத்திதான். கூட வந்தேன்.

ஆரப்பாளையத்தில், ஆற்றுக்குப் போகும் சந்தில், வெல்லக் கடைக்குப் பின்னால் ஓர் அறை. வீட்டுக்கார ராவுத்தரம்மா நம் கதையைக் கேட்டுவிட்டு, "ஒருத்தி புருசன் மௌத்தாயிட்டான், ஒருத்தி புருசன் ஓடிட்டான். நல்ல ஜோடிதான் போங்க! சண்டை மட்டும் போடாதீய" என்றார். ஆளுக்கொரு மூலையில் ஆளுக்கொரு அடுப்பு வைத்தோம். அது அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நானும் நினைத்தேன், நீயும் ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளைகளுக்குத்தான் அந்த நியாயம் புரியவில்லை. எந்தச் சட்டி முதலில் இறங்குகிறதோ அங்கே தட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிடுவார்கள். சில மாதங்களில் ஓர் அடுப்பைப் பிரித்துப் போட்டோம். சுள்ளி மிச்சம் என்று காரணம் சொல்லிக்கொண்டோம்.

டிரெய்னிங் பள்ளியோடு சேர்ந்த மாதிரிப் பள்ளியில் நம்மில் பாதிப் பேர் காலையிலும் பாதிப் பேர் மதியத்திலும் வகுப்பெடுத்துப் பழக வேண்டும். நீ அலைந்து கெஞ்சி நம்மை ஆளுக்கொரு பாதியில் போட வைத்தாய். மத்தியானம் மில் சங்கு ஊதியதும் நீ வீட்டுக்குள் வருவாய், நான் வெளியே போவேன். வாசலில் உன் கையிலிருந்த சாக்பீஸ் என் கைக்கு மாறும். எல்லோருக்கும் பொதுப்பாடம் இருக்கும் நேரத்தில் பிள்ளைகளை ராவுத்தரம்மா பார்த்துக்கொள்வார். இரண்டு பிள்ளைகளுக்கும் 'பாப்பா' என்றுதான் பெயர். ஒரு பாப்பாவைக் கூப்பிட்டால் இரண்டும் ஓடிவரும்.

விடுமுறைக்குக்கூட நான் ஊருக்குப் போகவில்லை. போனால் பிள்ளையை நிறுத்திக்கொள்வார்கள் என்று பயம். அவர்களும் வரவில்லை. ஒரு தாலியறுத்தவள் தனியாக ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் சந்துக்கு வந்து நிற்பது கணவரின் அண்ணனுக்குக் கௌரவக் குறைச்சல். அப்படியே இரண்டு வருஷப் படிப்பும் முடியப்போகும் பங்குனி வந்துவிட்டது.

அந்த வெயிலில்தான் உன் பாப்பாவுக்குத் தலையெல்லாம் வேனல் கட்டி. சீழ் வைத்துப் பிள்ளை துடித்தது. இரண்டே நாளில் என் பாப்பாவுக்கும் தொற்றிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் மருந்து போடவேண்டுமானால் முடியை எடுத்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வைகைக் கரையில் உட்கார்ந்திருந்த நாவிதரிடம் இரண்டையும் உட்காரவைத்தோம். உனக்கு அது வெறும் முடி. எனக்கு அப்படி இல்லை. எங்கள் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு முதல் முடி குலதெய்வத்துக்கு. பங்காளிகள் கூடி, கிடா வெட்டி, தாய்மாமன் மடியில் வைத்துத்தான் எடுக்க வேண்டும். அதோடுதான் காதுகுத்தும். அது தகப்பன் வழியாருக்குச் சொந்தமான சடங்கு. தாய்க்காரி தானாக எடுத்துவிட முடியாது. கத்தி வைக்கும்போது நான் பிள்ளையைப் பின்னால் இழுத்ததைப் பார்த்து, "சாமிக்குப் பிள்ளை வேணுமா, முடி வேணுமா?" என்று கேட்டாய். பிள்ளையின் தலையை நாவிதர் பக்கம் குனித்துப் பிடித்தேன். முடி இறங்கிவிட்டது.

நம் கஷ்டகாலம், சமயநல்லூரிலிருந்து வெல்லக் கடைக்கு வந்த ஒரு வண்டிக்காரன் அதைப் பார்த்துவிட்டான். என்னை அடையாளம் கண்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். ஊரில் சொல்லாமல் இருக்கமாட்டான் என்று தெரியும்.

மறுவாரம் வியாழக்கிழமை. உன் சோதனைப் பாடம் முடிந்துவிட்டிருந்தது. மறுநாள் எனக்கு; சோதனைப் பாடமெல்லாம் காலையில்தான். மதராஸிலிருந்து வந்திருந்த இன்ஸ்பெக்டரம்மாள் பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார். அதில் தவறினால் சர்டிபிகேட் இல்லை. சர்டிபிகேட் இல்லையென்றால் வேலை இல்லை, சமயநல்லூர் வீட்டு அடுப்படிதான் கதி. நான் பள்ளியில் படங்கள் வரைந்துகொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு வில்வண்டி நம் சந்தில் வந்து நின்றிருக்கிறது.

அங்கே நடந்ததை நீ எனக்குச் சொன்னபடியே எழுதுகிறேன். என் கணவரின் அண்ணன் அறைக்குள் வரவில்லை. வாசலுக்கு நாலடி தள்ளி நின்றபடி, "எங்க கொலசாமிக்கு எடுக்கவேண்டிய முடிய ஆத்தங்கரையில எறக்குனவ எங்க?" என்று கேட்டிருக்கிறார். பள்ளிக்கூடம் போயிருக்கிறாள் என்றாய். "பிள்ளையத் தூக்கிட்டுப் போக வந்தேன். அவளுக்குத் தாக்கல் சொல்லிரு." இரண்டு மொட்டைகளும் வாசலில் உட்கார்ந்து புளியங்கொட்டை வைத்து விளையாடிக்கொண்டிருந்தன. அவர் தம்பி மகளை அவர் கடைசியாகப் பார்த்தபோது அது தவழ்கிற பிள்ளை. எது என்று உன்னைக் கேட்டிருக்கலாம். உன்னைப்போன்ற ஒருத்தியிடம் போய், எங்கள் வீட்டுப் பிள்ளை எது என்று அவர் எப்படிக் கேட்பார்? தானே குனிந்து பார்த்தார். என் மகள் விரலைச் சூப்பிக்கொண்டு சும்மா இருந்தாள். உன் மகள் எழுந்து நின்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "வண்டி ஆரது?" என்று கேட்டாளாம். அவ்வளவுதான். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இதுதான். எங்காத்தா மூக்கு அப்புடியே உக்காந்திருக்கு பாரு. களை விட்டுப்போகுமா?" என்று உன் மகளைத் தூக்கிக்கொண்டார்.

நீ வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் நான் வந்ததும் நீ இதைச் சொன்னாய். "அடிப் பாவி, ஒம் பிள்ளையா போயிருக்கு? வா, இப்பவே போய்க் கூட்டியாருவோம்" என்றேன். நீ என் கையைப் பிடித்து உட்காரவைத்தாய்.

"இப்பப் போனா ஒம் பிள்ளையப் பிடுங்கிக்கிட்டுத்தான் எம் பிள்ளைய விடுவாரு. நாளைக்கு நீ பாடம் நடத்திருவியா? ஒம் பிள்ளைய அப்புறம் கண்ணுல காட்டுவாகளா? பேசாம இரு. அந்தாளு நாளைக்குத் தானா வருவாரு."

"தெரிஞ்சுபோச்சுன்னா பிள்ளைய அடிச்சுக்கிடிச்சு வச்சா?"

"அவரு தூக்குன விதத்தப் பாத்தேன். கழுத்து நோகாமத் தூக்குனாரு. பிள்ளையில்லாத வீடுன்னு நீதான சொன்ன. அடிக்கமாட்டாக." உன் மகளுக்கு எடுத்துவைத்த கஞ்சியை நீயும் குடிக்கவில்லை, எங்களுக்கும் ஊற்றவில்லை. என்னை மட்டும் விரட்டிக்கொண்டே இருந்தாய். நாளைய பாடத்தை உன்னிடம் நடத்திக் காட்டச் சொன்னாய். மழை எப்படிப் பெய்கிறது என்று உனக்கு எதிரே நின்று விளக்கினேன். நடுவில் அழுகை வந்தது. "இந்த எடத்துல அழுதா இன்ஸ்பெக்டரம்மா மார்க்கக் கொறைச்சிரும், மறுபடி சொல்லு" என்றாய். பாவி, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் பாடத்தை நடத்தினேன். நன்றாகவே நடத்தினேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. மத்தியானச் சங்கு ஊதும்போது வீட்டுக்கு ஓடிவந்தேன். நீ வாசற்படியில், காலையில் நான் விட்டுப்போன அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாய். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் வண்டி வந்துவிட்டது.

வண்டிக்கு நாலு பக்கமும் படுதா கட்டியிருந்தது. அவர் இறங்கினார். ஒரே நாளில் ஆள் இளைத்ததுபோல இருந்தது. படுதாவைத் தூக்கி உன் மகளை இறக்கிவிட்டார். புதுப் பாவாடை, இரண்டு கையிலும் கறுப்பு வளையல், கன்னத்தில் மைப்பொட்டு. "அம்மா, நெய்யிச்சோறு!" என்று கத்திக்கொண்டே உன்மேல் வந்து விழுந்தாள்.

நடந்ததை அவர் சொன்னதிலும் பிள்ளை சொன்னதிலும் சேர்த்துப் புரிந்துகொண்டோம். ஊர் எல்லையிலேயே வண்டியை நிறுத்தி, அவளைக் கழுத்தில் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக நடந்திருக்கிறார். களத்தில் நெல் அளந்துகொண்டிருந்தவர்களிடமெல்லாம் என் தம்பி மகள் என்று காட்டியிருக்கிறார். அவர் மனைவி குளிப்பாட்டி, மடியில் உட்காரவைத்து, தன் தட்டிலிருந்தே ஊட்டப் போயிருக்கிறார். முதல் கவளத்துக்கு முன்னால் பிள்ளை கையைக் கூப்பி, கண்ணை மூடி, ஜெபத்தைச் சொல்லி, 'ஆமென்' என்று முடித்திருக்கிறது. பங்காளி ஒருவர் பக்கத்துப் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். பட்டணத்துப் பள்ளிக்கூடப் பழக்கம் என்று அதைச் சமாளித்துவிட்டார்கள். விடிந்ததும்தான் என் கணவரின் அண்ணன் பிள்ளையை மடியில் வைத்து, ஒன்றும் தெரியாத குரலில், இதெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டிருக்கிறார். "எங்க தாத்தா. கொட்டாம்பட்டியில இருக்காரு. ஐயா வீட்டு மாட்ட மேய்ப்பாரு" என்று அவள் எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டாள்.

இப்போது அவர் உன்னைப் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒம் பிள்ளையக் கொண்டாந்து விட்டுட்டேன். எம் பிள்ளையக் குடு" என்றார்.

"நேத்தே கேட்டிருந்தா காட்டியிருப்பேன்யா. நீங்கதான மூக்கப் பாத்து எடுத்தீக."

"நீ வாயத் தொறந்து சொல்லவேண்டியதுதான?"

"நீங்க கேக்கலையேய்யா."

நான் அவர் முன்னால் அதுவரை நிமிர்ந்து பேசியதே இல்லை. அன்றும் பேசவில்லை, என் மகளை இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவரோடு நின்றேன். பேசியதெல்லாம் நீதான். எழுந்து, சேலையை உதறிக்கொண்டு, உன் மகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டாய். "கூட்டிட்டுப் போங்கய்யா, ஒங்க வீட்டுப் பிள்ளை. ஆனா நேத்து ஒங்க கழுத்துல ஊர்வலம் வந்த பிள்ளை யாரு, இன்னைக்கு எறங்குற பிள்ளை யாருன்னு ஊருல கேப்பாகள்ல? எங்கிட்ட ஒரு ஆளு வந்து கேட்டுட்டா நான் பொய் சொல்லமுடியாது. எங்க வேதத்துல பொய் பாவம். அப்புறம் அந்தப் பிள்ளைக்கு ஊட்டுன கைக்கும், அந்தத் தட்டுக்கும், ஒங்க பங்காளிக என்ன சொல்லுவாகளோ, அது ஒங்களுக்குத்தான் தெரியும்."

ஊரைவிட்டுத் தள்ளிவைப்பார்கள். அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். எங்கள் ஊரில் அதைவிடச் சின்ன விஷயத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள்.

அவர் தோள்துண்டைக் கையில் உருவினார். உன்னை அடிக்கப்போகிறார் என்றுகூட நினைத்தேன். கடைசியில் என் பக்கம் திரும்பி, முகத்தைப் பார்க்காமல், "பிள்ளை இங்கயே இருக்கட்டும். ஒன் படிப்பு முடிஞ்சப்புறமும் ஒங்கூடவே இருக்கட்டும். பிள்ளைக்கு உடம்பு சரியில்லைன்னு ஊருல சொல்லிக்கிறேன்" என்றார். வண்டியில் ஏறும்போது உன் மகள் அவருக்குக் கை காட்டினாள். அவரும் காட்டுவதற்குக் கையைத் தூக்கி, பிறகு மீசையைத் தடவிக்கொண்டார். பாவாடையையோ வளையலையோ திருப்பிக் கேட்கவில்லை. அடுத்த மாதம் சித்திரைத் திருநாளுக்கு அவர் மனைவி வெல்லக் கடை வண்டியில் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினார். ஒரே அளவில் இரண்டு பாவாடைகள் இருந்தன. தாக்கல் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை.

அதற்குப் பிறகு நம் உத்தியோக வாழ்க்கை. என்னைப் போட்ட பள்ளியில், வெள்ளைச் சேலைக்காரி முகத்தில் காலையில் விழித்தால் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்று விஜயதசமியன்று ஒருவரும் என் வகுப்பில் சேர்க்கவில்லை. உன் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பிய ஊர்த்தெருக்காரர்கள் உன்னிடம், கையைப் பிடிக்காமல் தூர நின்று எழுதச் சொல்லிக்கொடு என்றார்கள். நீ எனக்கு எழுதிய பதில்: "வரட்டும். வேற டீச்சர் இந்த ஊருக்கு வரமாட்டா. கொஞ்சம் பொறுத்தா வழிக்கு வருவாக." அப்படியே வந்தார்கள். நான் உதவி ஆசிரியையாக இருந்து, கிராமம் கிராமமாக மாற்றலாகி, இன்று இந்தப் பள்ளிக்குத் தலைமையாசிரியை. நீ கொட்டாம்பட்டிப் பக்கத்தை விட்டு நகரவில்லை. உன் சேரியில் ஓராசிரியர் பள்ளி, நீயே ஆசிரியை, நீயே மணியடிப்பவள். மேலே வா, சிபாரிசு செய்கிறேன் என்று நான் கூப்பிட்டபோதெல்லாம், "நான் போயிட்டா இங்க மறுபடி மாடுதான் மேய்க்கும் பிள்ளைக" என்று சொல்லி முடித்துவிடுவாய்.

என் மகள் மதராஸில் வைத்தியத்துக்குப் படிக்கிறாள். உன் மகள் நாம் படித்த அதே டிரெய்னிங் பள்ளியில் இரண்டாம் வருஷம். நீ போன செய்தியைச் சொல்ல அவளேதான் வந்தாள். இங்கே என் வீட்டில் ஒரு வாரம் இருந்தாள். அந்த மூக்கு இருக்கிறதே, நான் எவ்வளவு பார்த்தும் என் மாமியார் மூக்குக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் தெரியவில்லை. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவளிடம், சமயநல்லூர் போனது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். நெய்ச்சோறு ஞாபகம் இருக்கிறது என்றாள். பிறகு, "அன்னைக்கு என்னைய அம்மா வேணும்னேதான் அனுப்புச்சாளா, அத்தை?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். கோபமா, பெருமையா, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. உன் பெண்தானே.

என் பள்ளியில் இப்போது கைப்பிள்ளையோடு வரும் டீச்சர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். தூளி கட்ட இடம் கொடுத்திருக்கிறேன். இன்ஸ்பெக்டர் முகம் சுளித்தால் நான் பார்த்துக்கொள்கிறேன். இதையெல்லாம் நீ எனக்குச் செய்ததற்கு ஈடு என்று நினைத்துக்கொள்ளும் அளவுக்கு நான் முட்டாள் இல்லை.

ஏனென்றால் ஒன்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்த வியாழக்கிழமை உன் வீட்டுப் பிள்ளையைத் தேடி ஒருவர் வந்து, வாசலில் நான் உட்கார்ந்திருந்து, அவர் குனிந்து தவறாக என் மகளைத் தூக்கியிருந்தால், "ஐயோ, அது எம் பிள்ளை, உங்க பிள்ளை அந்தா இருக்கு" என்று அவர் நிமிர்வதற்குள் கத்தியிருப்பேன். உனக்காக என் பிள்ளையை ஒரு ராத்திரிகூடக் கொடுத்திருக்க மாட்டேன். இதை நான் உன்னிடம் சொன்னதில்லை, நீயும் ஒரு நாளும் கேட்டதில்லை. என்னோடு ஒரே அறையில் இரண்டு வருஷம் இருந்தவளுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்துதான் கொடுத்தாய்.